காது வெட்டிய நாய்கள்

கிருபாகரனுக்கு நாய் என்றால் பயம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே அவர் கவுன்சிலராக இருந்த பேரூராட்சியில் இது ஊரறிந்த சங்கதி. ஓட்டுக் கேட்கப் போனபோது, நாய் குரைத்த வீடுகளில் தெருவில் நின்றபடியே கும்பிடு போட்டார். அதைப் பணிவு என்று நினைத்துத்தான் தன்னைப் பதினெட்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் நாய்க் கருத்தடைக் கண்காணிப்புக் குழுவில் சேர்ந்தது தவறுதலாகக் கை தூக்கியதால். மன்றக் கூட்டத்தில் தலைவர், "குழுவுக்கு யார் வர்றீங்க?" என்று கேட்ட நேரம் பார்த்து, மின்விசிறியைக் குறைக்கச் சொல்ல இவர் கையை உயர்த்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டலைக் கேட்டபிறகு மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

ஒப்பந்தக்காரர்கள் தெருநாய்களைப் பிடித்து ஆபரேஷன் செய்து, அடையாளத்துக்குக் காது நுனியை வெட்டி, பிடித்த தெருவிலேயே கொண்டுவந்து விடவேண்டும். குழுவினர் மாதம் ஒருமுறை ஆபரேஷன் நடக்கும் ஷெட்டுக்குள் போய்ப் பார்த்து அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். கிருபாகரன் மூன்று மாதமும் தவறாமல் போனார். ஸ்கூட்டரை விட்டு மட்டும் இறங்கவில்லை. ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் ஸ்டான்லி பேனாவோடு கேட்டுக்கே வந்துவிடுவான்.

"உள்ள ஒரே நாத்தம் சார். நீங்க எதுக்கு கஷ்டப்பட்டுகினு."

தன்மேல் இவ்வளவு அக்கறையா என்று அவர் நெகிழ்ந்துபோவார்.

ஆடி மாதம் ஒரு காலையில், மீன் விற்கும் பூங்கொடி அவரை டீக்கடையிலிருந்து கையோடு கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. இடது காதில் பளிச்சென்று வெட்டு. மடியில் ஆறு குட்டிகள்.

"காது வெட்டுன நாய் குட்டி போடாதுன்னு நீதான மைக்ல சொன்ன, அண்ணாத்த?"

"ஆமா."

"அதுக்குக் கேக்கல போலக்கீது."

பத்தடி தள்ளி நின்றபடி கிருபாகரன், பிடிக்கும்போதே அது சினையாக இருந்திருக்கும் என்றார்.

"சித்திரைல காத வெட்டி வுட்டாங்க. நாய்க்கு ரெண்டு மாசந்தான் கணக்கு. இது இன்னா யானையா?"

வீட்டில் மனைவி வசுமதி கேட்டது ஒரே கேள்வி. "நீங்க உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எங்கேர்ந்து?"

"கேட்லேர்ந்து."

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மறுநாள் ஷெட்டுக்குப் போனார். தனியாக அல்ல. பூங்கொடியைத் துணைக்கு அழைத்துப்போய் அவள் முதுகுக்குப் பின்னால் நடந்தார். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மக்கள் பிரதிநிதி நடக்கிற நடை இல்லை அது என்பது அவருக்கே தெரிந்தது. நாளைக்கு வரச் சொல்லிக் கெஞ்சிய ஸ்டான்லியை அவள் ஒதுக்கிவிட்டு உள்ளே நுழைந்தாள்.

ஆபரேஷன் மேசைமேல் தீவன மூட்டைகள் அடுக்கியிருந்தன. விளக்கில் ஒட்டடை. கூண்டுகளில் காது வெட்டிய பெட்டை நாய்கள் எட்டு. பூங்கொடி ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினாள். ஒன்றின் வயிற்றிலும் முடி மழித்த தடமோ தையலோ இல்லை.

"டாக்டர் நின்னு நாலு மாசம் ஆச்சு சார்," என்றான் ஸ்டான்லி. "வேற ஆள் வர்ற வரைக்கும் காத மட்டும்..." குரலைத் தாழ்த்தினான். "வெளிய தெரிஞ்சா உங்க கையெழுத்தும்தான் மாட்டும்."

அது உண்மைதான். ஒப்பந்தக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று மட்டும் ஒரு கடிதம் எழுதிப் பார்த்தார். படிக்கப் படிக்க அதில் கிருபாகரன் பெரிய வீரராகத் தெரிந்தார். கிழித்துப் போட்டார்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்றார். "மூணு மாசமா ஸ்கூட்டர்ல உக்காந்துகினே கையெழுத்து போட்டேன். எனக்கு நாய்னா பயம். உள்ள போயிருந்தா மொத மாசமே தெரிஞ்சிருக்கும்."

சிரிப்பு எழுந்து அடங்க வெகுநேரமானது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழுவின் மற்ற இருவரையும் பார்த்தார். அவர்கள் கூரையைப் பார்த்தார்கள். ஷெட் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. கேட்டு வரைக்குமாவது போனவன் நான்தான் என்று கிருபாகரனுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

ஒப்பந்தம் ரத்தானது. காது வெட்டிய நாய்களை எல்லாம் மறுபடி பிடித்துச் சோதிக்க முடிவானது. குழுவிலிருந்து விலகுவதாக அவர் கொடுத்த கடிதத்தை யாரும் வாங்கவில்லை. குழுவுக்கு அவரையே தலைவராக்கினார்கள்.

புதிதாக வந்த கால்நடை மருத்துவர் ஹரிப்ரியா கண்டிப்பானவர். குட்டிகள் பால் மறந்தபிறகு செவலையைக் கொண்டுவந்தார்கள். மயக்க ஊசி போடும்வரை பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கயிற்றைக் கிருபாகரன் கையில் கொடுத்துவிட்டார். பிடித்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"சார், கண்ணத் தொறங்க," என்றார் மருத்துவர். "அறிக்கை எழுதப்போறது நீங்கதான்."

ஒரு கண்ணைத் திறந்தார். ஆபரேஷன் அரைமணி நேரம் நடந்தது. அதில் இருபது நிமிடம் நேரில் பார்த்ததாக அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.