தானாகச் சுற்றாத சில்லு

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவதற்குத் துசாந்தினியிடம் ஒரு முறை இருந்தது. சீற்றுக்குக் கீழே மடித்த சாக்கு, ஹாண்டிலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு செங்கல். பிறகு பின்சில்லைக் கையால் ஒருதரம் சுண்டிவிட்டு, அது சீராக ஓடுகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்பாள். மன்னார் நகரத்து மண்டபமொன்றின் மேடையில், பிளாஸ்டிக் கதிரைகளில் நூற்றைம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கையிலும் அதையேதான் செய்தாள். செங்கல் இரண்டையும் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். "ரவுணில செங்கல் இல்லையெண்டு நினைச்சியோ அக்கா?" என்று தம்பி நிதர்சன் கேட்டதற்கு, "ஒரே உயரத்தில ரெண்டு இருக்குமெண்டு எனக்கு ஆர் சொன்னது?" என்று திருப்பிக் கேட்டாள்.

மேடைக்குப் பின்னால் பதாகை ஒன்று தொங்கியது. 'மீண்டும் உருவாக்கத் தகுந்த பழைய கேம்கள்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஆறு குழுக்கள் வந்திருந்தன. ஒவ்வொரு குழுவும் தாங்கள் சின்ன வயதில் விளையாடிய ஒரு பழைய கேமை எடுத்து, இந்தக் காலத்துப் போனுக்கு ஏற்ற மாதிரிப் புதிதாகச் செய்து காட்டவேண்டும். முதலாவதாக வருவதைக் கொழும்பிலுள்ள ஒரு கொம்பனி எடுத்து வெளியிடும். செய்தவர்களுக்கு அங்கேயே வேலையும் கிடைக்கும். கம்பியூட்டர் வகுப்பொன்றில் நாள்கூலிக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த நிதர்சன் இதற்காக நான்கு மாதம் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. அவனோடு சேர்ந்து செய்தவன் றமீஸ். தொண்ணூறில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட உப்புக்குளத்துக் குடும்பம். புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, சண்டை முடிந்த பிறகு தகப்பனின் ஊருக்குத் திரும்பி வந்தவன். படம் கீறுவதில் மகா கெட்டிக்காரன்.

மற்றவர்கள் கார் ஓட்டுவது, பந்தடிப்பது, பிளேனைச் சுட்டு விழுத்துவது என்று கலர்கலராய் எடுத்திருந்தார்கள். நிதர்சன் எடுத்தது உள்ளங்கைக்குள் அடங்குகிற சாம்பல் நிறப் பிறிக் கேம். மேலேயிருந்து கட்டைகள் விழும். இடைவெளி விடாமல் அடுக்கினால் வரி அழியும். அடுக்கு உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் இருந்த சாமான்தான். ஆனால் இதற்கொரு கதை இருந்தது. அந்தக் கதைக்கே பரிசு விழும் என்று றமீஸ் அடித்துச் சொல்லியிருந்தான்.

கதை இதுதான். தொண்ணூற்றாறாம் ஆண்டு, கொழும்பிலிருந்த சித்தப்பா உடுப்புப் பார்சலுக்குள் அந்தக் கேமை வைத்து அனுப்பினார். வழியில் ஆமியின் சென்ரிப் பொயின்றில் பார்சலைப் பிரித்தவர்கள், கேமிலிருந்த இரண்டு பற்றறிகளையும் கழற்றி எடுத்துக்கொண்டு கேமை மட்டும் விட்டுவிட்டார்கள். அவர்களுடைய ஊர் இருந்த வன்னிக்குள் பற்றறி போகக்கூடாது என்பது அந்த நாளைய சட்டம். உயிரில்லாத கேமைக் கையில் வைத்துக்கொண்டு பத்து வயது நிதர்சன் இரண்டு நாள் சோறு தின்னாமல் அழுதான். மூன்றாம் நாள் தகப்பன் சரவணமுத்து வயலுக்குப் போகாமல் அவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு விடத்தல்தீவுக்குப் போனார். அங்கே ரேடியோ திருத்துகிற வலன்ரைன், பழைய ரேடியோவில் கழற்றிய இரண்டொரு சாமான்களைப் பூட்டி, சைக்கிள் டைனமோவிலிருந்து கேமுக்குக் கரன்ட் வர வழி செய்தார். கூடவே ஒரு ரோர்ச் பல்பையும் பூட்டினார். "பல்பு மஞ்சளா எரியவேணும். சிவந்தாக் கேம் நிண்டுபோகும். வெள்ளையானாக் கேம் கருகிப்போகும். கருகினாப் பிறகு என்னட்டக் கொண்டுவராதேங்கோ" என்று சொல்லி அனுப்பினார்.

ஆக, ஒருவர் சைக்கிளைத் தலைகீழாகப் போட்டுப் பெடலைக் கையால் சுற்றவேண்டும். மற்றவர் விளையாடலாம். யார் சுற்றுவது என்று வீட்டில் பெரிய விவாதம் ஒன்றும் நடக்கவில்லை. நிதர்சன் சின்னவன், ஆம்பிளைப் பிள்ளை, கேமுக்காக அழுதவன். துசாந்தினிக்குப் பன்னிரண்டு வயது, அவள் அழவில்லை. அதனால் அவள் சுற்றினாள். ஒரேயொரு தரம், "நானொருக்கா விளையாடட்டோ?" என்று கேட்டிருக்கிறாள். அவனும் சரியென்று பெடலைப் பிடித்தான். முதல் கட்டை பாதி வழி வருவதற்குள் பல்பு வெள்ளையாய்ப் பளீரென்றது. "ஐயோ, எரிச்சுப்போடப் போறான்! நீயே சுத்து பிள்ளை, உனக்குத்தான் கை நிதானம்" என்று அம்மா அன்னப்பிள்ளை குசினிக்குள்ளிருந்து ஓடிவந்தாள். பாராட்டுத்தான். அந்தப் பாராட்டு அவளை ஐந்து வருடம் சைக்கிளோடு கட்டிப்போட்டது. ஒரு வேலையை நன்றாகச் செய்து காட்டியதுதான் தான் செய்த பிழை என்று அன்றைக்கே அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கி என்ன செய்ய?

அவன் முன்னால் கதிரையில் இருப்பான், அவள் பின்னால் நிலத்தில். அவனுக்குத் திரை, அவளுக்குப் பல்பு. நுளம்பு கன்னத்தில் குந்தியிருந்து இரத்தம் குடித்தாலும் கையை எடுக்க முடியாது. ஒரு கணம் நின்றாலும் கேம் அணைந்து, சேர்த்த பொயின்ற்ஸ் எல்லாம் சைபராகிவிடும். ஒருநாள் கிட்டடியில் ஷெல் விழுந்தபோது பெடலை விட்டுவிட்டு அவனை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்தாள். உள்ளே அவன் விக்கி விக்கி அழுதான். ஷெல்லுக்கு அல்ல, போன பொயின்ற்சுக்கு. எடுத்ததிலேயே கூடிய பொயின்ற்ஸை அவன் குசினிச் சுவரில் ஆணியால் கீறி வைத்தான். அதற்கு மேலே 'நிதர்சன்' என்று மட்டும் கீறியிருந்தான். சமாதான காலத்தில் பற்றறி தாராளமாக வந்தபோது அவனுக்குக் கேம் அலுத்துவிட்டது. பற்றறி போட்டு அவள் விளையாடியிருக்கலாம். விளையாடவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது கேம் அல்ல, தனக்காக ஒருவர் சுற்றுவது.

பிறகு சண்டை, ஓட்டம், முகாம். திரும்பி வந்தபோது தகப்பன் இல்லை. குசினி இருந்த இடத்தில் நாயுருவி இடுப்பளவுக்கு நின்றது. சுவரும் இல்லை, கீறியதும் இல்லை. கேம் மட்டும் இருந்தது. பிறப்புச் சான்றிதழ்களோடு அதையும் பொலித்தீன் பையில் சுற்றி, சண்டையின் கடைசிக் கடற்கரை வரைக்கும், பிறகு முகாம் வரைக்கும் காவிக்கொண்டு போனவள் துசாந்தினி. "உதை எறி அக்கா" என்று வழியில் சொன்னவன் நிதர்சன். இதை அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவளும் சொல்லிக் காட்டியதில்லை.

இரண்டு கிழமைக்கு முன் அவன் ஊருக்கு வந்து, "மேடையில பத்து நிமிசம் வந்து சுத்தினாப் போதும் அக்கா, மற்றதெல்லாம் நான் பாக்கிறன்" என்று கேட்டபோது அவள் உடனே ஓமென்றாள். வயலில் களை கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தாள். தம்பிக்கு ஒரு நல்ல வேலை கிடைக்கவேண்டும் என்பதில் அவளுக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

இப்போது நிதர்சன் ஒரு கையில் மைக்கும் மறுகையில் கேமுமாக நின்றான். அவள் சுற்றத் தொடங்கினாள். டைனமோ முனகியது, பல்பு மஞ்சளாகியது. அத்தனை வருடம் கழித்தும் கை மறக்கவில்லை.

"பற்றறி இல்லாத இடத்தில நான் இப்பிடித்தான் கேம் விளையாடினனான்" என்று அவன் சொன்னான். "கரன்ட் இல்லையெண்டு நான் அழுதுகொண்டு நிக்கேல்லை. என்ர கரன்டை நானே உண்டாக்கினன்." மண்டபம் கைதட்டியது. துசாந்தினி பல்பைப் பார்த்தபடி சுற்றினாள். அழுததையும் மறந்துவிட்டான் என்று நினைத்துச் சிரிப்புக்கூட வந்தது.

நடுவராய் வந்திருந்த சிவசுப்பிரமணியம், நரைத்த தாடிக்காரர், எல்லாக் குழுவிடமும் கேட்ட ஒரே கேள்வியை அவனிடமும் கேட்டார். "பழைய கேமில எதை மாத்தினீங்கள், எதை மாத்தாமல் விட்டீங்கள் தம்பி?"

"நிறமும் சத்தமும் புதுசு சேர். மற்றது ஒண்டும் மாத்தேல்லை. அண்டைக்கு எப்பிடி இருந்ததோ அப்பிடியே."

அப்போதுதான் அவள் பல்பிலிருந்து கண்ணை எடுத்துச் சுவரைப் பார்த்தாள். புதிய கேம் அங்கே புறொஜெக்டரில் பெரிதாகத் தெரிந்துகொண்டிருந்தது. றமீஸ் அழகாய்த்தான் கீறியிருந்தான். வயல் வரம்பு, குசினிச் சுவர், தூரத்தில் திருக்கேதீஸ்வரத்துக் கோபுரம். கதிரையில் ஒரு சிறுவன் குனிந்து விளையாடுகிறான். அவனுக்குப் பின்னால் தலைகீழாய்ச் சைக்கிள், மஞ்சள் பல்புகூட விடுபடவில்லை. பெடலில் மட்டும் யாருமில்லை. சில்லு தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவளுக்குக் கோபம் வந்தது. துக்கமல்ல, சுத்தமான கோபம். கை நின்றது.

பல்பு சிவந்து அணைந்தது. நிதர்சனின் கையில் கேம் வெறுந்திரையாகியது.

"அக்கா, கை நோகுதோ? கொஞ்சம் ஆறியிருங்கோ" என்றான். ஆட்களுக்கு முன்னால் மரியாதையாகத்தான் கதைத்தான்.

"கை நோகேல்லை. நிப்பாட்டினனான்." அவள் எழுந்து சுவரைக் காட்டினாள். "அந்தச் சில்லை ஆர் சுத்துறது?"

"அது அனிமேசன் அக்கா. தானாச் சுத்தும்."

"தானாச் சுத்துமெண்டால் ஐஞ்சு வரியம் நான் அதுக்குப் பின்னால இருந்து என்ன புடுங்கினனான்?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. நிதர்சன் மைக்கைக் கீழே இறக்கினான். முகம் கறுத்துவிட்டது. "வீட்டை போய்க் கதைப்பம் அக்கா."

"வீட்டுச் சுவரிலயும் உன்ர பேர்தானே கிடந்தது."

சிவசுப்பிரமணியம் கையை உயர்த்தி அவனை மறித்தார். "பொறுங்கோ தம்பி. பிள்ளை, நீங்கள் சொல்லுங்கோ. இதை எப்பிடிச் செய்திருக்கவேணும்?"

அவள் அதைப்பற்றி யோசித்து வந்தவளல்ல. ஆனால் வாயைத் திறந்ததும் எல்லாம் வரிசையாய் வந்தது. "ரெண்டு பேர் விளையாடவேணும் ஐயா. ஒராள் கட்டை அடுக்கட்டும், மற்ற ஆள் சுத்தட்டும். சுத்திற ஆளுக்குக் கட்டை தெரியக்கூடாது, பல்பு மட்டும்தான். சிவந்தா ஆட்டம் போச்சு. வெள்ளையானாக் கேமே போச்சு. கடைசியில ரெண்டு பேற்ற பேரும் வரவேணும். சுத்தினவளின்ர பேர் மேல."

"சும்மா பல்பைப் பாத்துக்கொண்டு சுத்துறதை ஆர் அக்கா ஒரு விளையாட்டெண்டு விளையாடப்போகினம்?" நிதர்சன் நக்கலுக்குக் கேட்கவில்லை. மெய்யாகவே அவனுக்கு விளங்கவில்லை. அதுதான் அவளை இன்னும் கிண்டியது.

"அதைத்தான் நானும் ஐஞ்சு வரியமா யோசிச்சனான்."

கம்பியூட்டருக்கு முன்னால் இருந்த றமீஸ் தலையைச் சொறிந்தான். "செய்யலாம் மச்சான். ரெண்டு போனை இணைச்சாச் செய்யலாம். நல்லாவும் இருக்கும். ஆனா நாலு மணிக்குள்ள குடுக்கணும். இண்டைக்கு ஏலாது."

தானாகச் சுற்றுகிற சில்லோடு இப்போதே கொடுத்தால் கொழும்பு வேலை, மாற்றப்போனால் ஒன்றுமில்லை. நிதர்சன் அவளைப் பார்த்த பார்வையில் நான்கு மாதம் கொள்ளாத நித்திரை முழுதும் இருந்தது. அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்துத்தானே அன்றைக்கும் பெடலைப் பிடித்தாள். இன்றைக்குப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தாள். கையை நீட்டினாள்.

"கேமைத் தா. நீ சுத்து."

"எனக்குச் சுத்தத் தெரியாதக்கா. கருகிப்போகும். இது ஒண்டுதான் கிடக்கு."

"கருகினாக் கருகட்டும். காவிக்கொண்டு வந்தவள் நான்."

அந்த ஒரு சொல்லில் அவனுக்கு எல்லாம் நினைவு வந்திருக்கவேண்டும். கேமை அவள் கையில் வைத்தான். ஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டோடு மேடை நிலத்தில் குந்தி, பெடலைப் பிடித்தான். துசாந்தினி மேடையில் அவனுக்குப் போட்டிருந்த கதிரையில் போய் இருந்தாள். முதுகைச் சாய்த்தும் இருந்தாள்.

திரை மினுங்கி, மங்கி, மறுபடி தெளிந்தது. கட்டைகள் அவள் நினைத்துக்கொண்டிருந்ததைவிட மிகச் சிறியவை. இத்தனைக்கும் இவ்வளவுதானா என்றிருந்தது. முதலாவது வளைந்த கட்டை. எந்தப் பொத்தானை அழுத்தினால் திரும்பும் என்று தெரியவில்லை. அது கோணலாய் விழுந்தது. இரண்டாவது அதற்கு மேல் இன்னும் கோணலாய் விழுந்தது. பின்னால் டைனமோவின் முனகல் உயர்ந்துகொண்டே போனது. பல்பு எந்த நிறத்தில் இருக்கும் என்பதைத் திரும்பிப் பாராமலே அவள் காது சொல்லிற்று.

"பல்பைப் பார்" என்றாள்.

முனகல் தணிந்தது. ஆனால் கட்டைகள் தணியவில்லை. ஒரு வரியாவது அழிவதற்குள் அடுக்கு உச்சியைத் தொட்டது. கேம் கீச்சென்று ஒரு பாட்டுப் பாடி முடித்தது. முன்வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

"முடிஞ்சுதக்கா." பெடல் மெதுவானது.

"நிப்பாட்டச் சொன்னனானோ? சுத்து."

புதிய கட்டை ஒன்று விழத் தொடங்கியது. அது பாதி வழி வருவதற்குள் அவள் ஒரேயொரு தரம் திரும்பிப் பார்த்தாள். நிதர்சன் முகத்தைப் பல்புக்குக் கிட்டக் கொண்டுபோய் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். வியர்வையில் நனைந்த அவன் கன்னத்தில் ஒரு இலையான் பறந்து வந்து குந்தியது. அவன் கையை எடுக்கவில்லை.