யுகெத் ஆங்கிலத்தில் சொன்ன பதில்கள்

அறிக்கை நான்கு பக்கம், ஆங்கிலத்தில் இருந்தது. மரியேல் அதை ஒட்டாவாவில் தன் வீட்டில் இரண்டு தடவை படித்துவிட்டு, நான்கு மணி நேரம் கார் ஓட்டி பிரெஞ்சுக்காரர்கள் நிறைந்த ஸ்டர்ஜன் ஃபால்ஸுக்கு வந்திருந்தாள். அக்கா யுகெத்துக்கு அதைப் பிரெஞ்சில் படித்துக் காட்ட வேண்டும். அவளுக்கு எழுபத்து நான்கு வயது, தனிக்கட்டை. இந்த வீட்டில் அவள் இனியும் தனியாக இருக்கலாமா, முதியோர் இல்லத்துக்குப் போயாக வேண்டுமா என்பதுதான் கேள்வி. பதில் மூன்றாவது பக்கத்தில் ஒரே வாக்கியமாக இருந்தது.

அடுப்பில் வைத்த பட்டாணி சூப் கருகி, வீடு முழுக்கப் புகை மண்டியது அக்டோபரில். அதற்குப் பிறகு மருத்துவர்தான், அவளால் தனியாக இருக்க முடியுமா என்ற மதிப்பீட்டுக்கு எழுதிப் போட்டார். மூன்று வாரத்துக்கு முன் மதிப்பிட விட்கோம் என்ற பெண் வந்தாள். வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதே சுமாரான பிரெஞ்சில் வணக்கம் சொன்னாள். எந்த மொழியில் பேசலாம் என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் யுகெத் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள்.

அந்த ஊரில் அப்படித்தான். பத்து பிரெஞ்சுக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் மேஜைக்கு ஒரே ஒரு ஆங்கிலக்காரர் வந்து சேர்ந்தால், பத்துப் பேரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். வந்தவரைச் சிரமப்படுத்தக்கூடாது. அம்மாவும் அப்பாவும் அப்படித்தான் இருந்தார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

யுகெத்தின் ஆங்கிலம் காகித ஆலை உணவகத்தில் முப்பத்தொரு வருஷம் பரிமாறிக் கற்றது. இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வேண்டுமா, வெளியே குளிர் எப்படி என்பதற்கெல்லாம் அது தாராளமாகப் போதும். 'ஒருவேளை', 'இருந்தாலும்', 'அப்படியானால்' என்று ஒன்றை இன்னொன்றோடு வைத்து நிறுத்துப் பார்க்கும் சொற்கள் அதில் கிடையாது.

தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று விட்கோம் கேட்டாள். "வெளியே போவேன்" என்றாள் யுகெத். விழுந்துவிட்டால்? "எழுந்திருப்பேன்." சிரித்துக்கொண்டே சொன்னாள், பழைய ஆலைக்காரர்களிடம் சொல்வதுபோல. இங்கே தனியாக இருப்பதில் உங்களுக்குத் தெரியும் ஆபத்துகள் என்னென்ன? "ஒண்ணும் பிரச்சினை இல்லை." விட்கோம் குனிந்து எழுதிக்கொண்டாள்.

மரியேல் அன்று மேஜையின் கோடியில் உட்கார்ந்திருந்தாள். குடும்பத்தினர் பதில் எடுத்துக் கொடுக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனால் 'அவளைப் பிரெஞ்சில் கேளுங்கள்' என்பது பதில் அல்லவே. முப்பது வருஷம் அரசாங்கத்தில் சட்டங்களை மொழிபெயர்த்தவளுக்கு அது தெரியாமலா? அந்த வாக்கியம் இரண்டு மொழிகளிலும் நாக்கு நுனிவரை வந்தது. குறுக்கிடாமல் இருப்பதே விவேகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் உண்மையில் நினைத்தது வேறு. ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை, பனியில் நான்கு மணி நேரச் சாலை, திரும்ப நான்கு மணி நேரம். அக்கா இல்லத்துக்குப் போய்விட்டால் அது இனி இல்லை என்ற நினைப்பு உள்ளே கதகதவென்று பரவியதை அவள் கவனிக்கத்தான் செய்தாள். கவனித்தும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அறிக்கையை விரித்து, ஒவ்வொரு வரியாகப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே வந்தாள். மூன்றாவது பக்கத்தில் குரல் தடுக்கியது. யுகெத்துக்கு 'ஜட்ஜ்மென்ட்' போதாது என்று எழுதியிருந்தது. ஆங்கில அலுவலகக் காகிதத்தில் அது யார்மீதும் போடக்கூடிய முத்திரை. அதற்கு நேரான பிரெஞ்சுச் சொல்லை இந்த அடுக்களையில் சொன்னால், உனக்கு மூளை இல்லை என்று முகத்தில் அடித்ததுபோல் ஆகும். நீதிமன்றத்தில் புழங்கும் சொல் ஒன்று உண்டு. அது அக்காவுக்கு அந்நியம். மரியேல் வெறும் எச்சரிக்கையைக் குறிக்கும் மென்மையான சொல்லைப் பொறுக்கி எடுத்தாள். எச்சரிக்கை சற்றுக் குறைவு என்று படித்தாள்.

"இன்னொரு தடவ படி."

படித்தாள்.

"அவ எழுதினது அது இல்லடி. நீ தடவிக் குடுக்கிற. உள்ளதப் படி."

நல்லது கெட்டதைச் சீர்தூக்கி முடிவெடுக்கும் புத்தி இவருக்கு இல்லை என்று மரியேல் உள்ளதைப் படித்தாள். யுகெத் மேஜைமேல் சிந்தியிருந்த ரொட்டித் துணுக்குகளை உள்ளங்கையில் கூட்டி எடுத்தாள்.

"அப்பா இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு. புத்தி எனக்கு, படிப்பு உனக்குன்னு பிரிச்சுக் குடுத்தவராச்சே."

மரியேல் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். மறு மதிப்பீடு கேட்கலாம், பிரெஞ்சிலேயே கேட்கச் சொல்லலாம், அதற்கு உரிமை இருக்கிறது என்று வேகமாகச் சொன்னாள்.

"அன்னிக்கு நீ இங்கதான உக்காந்திருந்த?"

"ஆமாக்கா."

"பாத்தேன். வாயத் தொறந்த, மூடிக்கிட்ட."

மரியேலால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. யுகெத்தின் குரலில் கோபம் இல்லை.

"சரி, இப்ப நம்ம பேச்சுல சொல்றேன், கேட்டுக்க. படி பதினாலு, முட்டில ஒண்ணுதான் உருப்படி. சூப்பு கருகினதுகூடப் பெரிசில்ல, எனக்கு அந்த வாசனையே தெரியல பாரு, அதான் பயம். பக்கத்து வீட்டு லாஃப்ரெனியேர்ட்ட சாவி இருக்கு, ஆனா அவருக்கு என்னைவிட வயசு. அப்படியிருந்தும் இன்னும் ரெண்டு குளிர்காலம் இங்க தள்ளிடலாம். நீ வந்துகிட்டு இருந்தா." உள்ளங்கையிலிருந்த துணுக்குகளை ஓரமாகக் கொட்டினாள். "வருவ. வந்து கார் சாவியக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. அது எனக்கு வேணாம்."

இதைக் கேட்டிருந்தால் விட்கோம் அந்த வரியை எழுதியிருக்கவே மாட்டாள். மரியேலுக்கு அது தெரிந்தது. அப்படி இல்லை அக்கா என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஒவ்வொரு தடவை வரும்போதும் அதை மெய்ப்பிக்க வேண்டும். அவள் எதிரே கிடந்த படிவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

யுகெத் அதை மடித்து அவள் பக்கமே தள்ளினாள். இல்லத்தின் சம்மதப் படிவத்தையும் கொண்டுவந்திருப்பாயே என்று கேட்டாள். கொண்டுவந்திருந்தாள். எங்கே கையெழுத்து என்று கேட்டதற்கு மரியேல் விரலால் காட்டினாள். யுகெத் நிதானமாக, முழுப்பெயரையும் எழுதினாள்.

"அங்க சமைக்கிறது யாரு, தெரியுமா?"

மரியேல் தெரியாது என்றாள்.

"அதையாவது கேட்டிருக்கலாமில்ல" என்று சொல்லிவிட்டு யுகெத் பேனாவை மூடினாள்.