கண்ணை மூடிச் செய்த ஜெபம்

எங்கள் சபையில் நோயாளிகளைச் சந்திக்கும் குழுவுக்கு நான்தான் தலைவன். என் ஜெபத்துக்குத் தனிப் பேர் உண்டு. அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

அன்று மூன்றரை மணிக்கு ஆண்கள் வார்டுக்குப் போனேன். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார் கணக்கு வாத்தியார். பக்கத்துக் கட்டிலில் சிறுநீரகக் கல்லுக்காகச் சேர்ந்திருந்த வெல்டர், கையில் டிரிப்ஸோடு. இருவரும் எங்கள் சபைதான். வெல்டருக்குக் கடைசி பெஞ்சு. போன மாதம்தான் அவனை நிறுத்திவைத்துக் காய்ச்சியிருந்தேன்.

"ஊழியம்னா பாஸ்டர் மட்டும் பாக்குற வேலைன்னு நெனச்சியா? விசுவாசி ஒவ்வொருத்தனும் செய்யணும்."

"எனக்கு ஜெபம் பண்ண வராதுண்ணே" என்று தலையைச் சொறிந்தான்.

என்னைக் கண்டதும் வாத்தியாரின் முகம் மலர்ந்தது. "நல்லவேளை வந்தீங்க தம்பி..." என்று கையை நீட்டினார். அதை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, கண்ணை மூடி ஆரம்பித்துவிட்டேன். "தம்பி, ஒரு நிமிஷம்" என்றார். நான் குரலை உயர்த்தினேன். கையை இழுத்தார். ஆவியானவர் அசைவாடுகிறார் என்று நினைத்து இன்னும் இறுக்கினேன். அவர் விசும்பியபோது எனக்கும் கண்ணீர் வந்தது. உலகத்திலுள்ள வியாதியஸ்தர் எல்லாரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன்.

படுக்கை நனைந்திருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த சிறுநீர் பாட்டிலைக் கேட்கத்தான் மனிதர் கை நீட்டியிருக்கிறார்.

"நாலு மணிக்கு மக வருவா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "அவளுக்குத் தெரியக் கூடாது தம்பி. பாத்தா அழுதுடுவா."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "இதோ, ஆளைக் கூட்டிட்டு வரேன்" என்று வெளியே ஓடினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நாற்றத்தை விட்டுத்தான் ஓடினேன். நர்ஸ் அறையில் யாரும் இல்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். தேவைக்கு மேலேயே நடந்தேன்.

திரும்பி வந்தபோது வெல்டர் எல்லாம் முடித்திருந்தான். வாத்தியாரைத் துடைத்து, உடுப்பு மாற்றி, தன் கட்டில் விரிப்பையே உருவி அவருக்குப் போட்டிருந்தான். டிரிப்ஸ் குழாயில் ரத்தம் மேலேறி நின்றது.

"இத மட்டும் அந்தக் கூடையில போட்டுடுங்கண்ணே. என்னால நிக்க முடியல" என்று ஈரத் துணிச் சுருட்டை நீட்டினான். விரல் நுனியால் வாங்கினேன்.

வாசலில் மகள் நின்றாள். "என்னாச்சுப்பா? மெத்தை ஏன் ஈரமா இருக்கு?"

"தண்ணி ஜக்கை நான்தான் தட்டிவிட்டுட்டேன்க்கா" என்றான் வெல்டர் சட்டென்று.

"கண்ணு தெரியலையா உனக்கு? எலும்பு முறிஞ்சு கெடக்குற மனுஷன் மேலயா கொட்டுவ?" என்று எரிந்து விழுந்தாள். பிறகு என் கையிலிருந்த துணியைப் பார்த்ததும் அவள் குரல் இளகிவிட்டது. "நீங்களா அண்ணே எல்லாம் மாத்துனீங்க? பெத்த புள்ளகூட இப்படிச் செய்யாதுண்ணே."

'இல்லை' என்றால் முடிந்தது. ஒரே சொல். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். விரிப்பில்லாத மெத்தையில் வெல்டர் வயிற்றைப் பிடித்தபடி மெல்லச் சாய்ந்தான்.

"இதுல என்னம்மா இருக்கு, ஊழியம்தானே" என்றேன்.

அதற்குப் பிறகு விரிப்பில்லாத அந்தக் கட்டில் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.