மாதாவுக்கென ஒதுக்கிய அறை

எழுதிப் பழக்கமில்லாத நான் இதனை எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். என் கணவர் செல்வரட்ணம் செய்த ஒன்றை எவரேனும் எழுதியாக வேண்டும், அவர் எழுதமாட்டார்.

மன்னாரிலிருந்து சிட்னிக்கு வந்த சில குடும்பத்தினர் மடு மாதாவின் சுரூபச் சிலையை முறைவைத்து, வாரம் ஒரு வீட்டில் ஏற்று வழிபடுகிறோம். ஒரு சனிக்கிழமை மாலை அது, எங்களில் மூத்தவரான பேர்ள் அன்ரி வீட்டுச் செபம் முடிந்ததும் எங்கள் வாடகை வீட்டுக்கு வரவேண்டியிருந்தது. நெடுநாள் காத்திருந்த முறை. பின்னறைக்குப் புதுத் திரைச்சீலை தைத்திருந்தேன்.

செபத்தில் என் கணவர் வேதாகமம் வாசித்தார். பயணி ஒருவர், அந்நியர் நகரில் தங்க விரும்பாமல், தம் இனத்தவரை நம்பிக் கிபயா என்னும் ஊருக்கு வந்து, பொழுதுபட்ட பின்னும் தெருவிலேயே அமர்ந்திருந்த பகுதி. அவரை உள்ளே அழைப்பார் எவருமில்லை.

கதவோரம் பிரதீசும் சுலக்சனாவும் குழந்தையோடு இருந்தனர். படகில் வந்து தற்காலிக விசாவில் வாழ்பவர்கள். குடியிருந்த வீடு விற்கப்பட்டதால், பைகளைக் காரில் ஏற்றி வந்திருந்தனர். அவர்களுக்காகச் செபிப்பதாக எல்லாரும் வாக்களித்திருந்தோம்.

என் கணவர் வாசிப்பை நிறுத்தினார்.

"தம்பி பிரதீஸ், எங்கட பின்னறை ரெடியாக் கிடக்கு. எங்களோட வாங்கோ."

"அது மாதாவுக்கு ஒதுக்கின அறையெல்லோ?" என்றார் பேர்ள் அன்ரி.

"ஓம் அன்ரி. மாதாவும் இடம் தேடி அலைஞ்சவதானே. கோவிக்கமாட்டா."

"அப்ப சுரூபத்தை எங்க வைப்பீர்? குசினியிலயோ?"

"வைக்கலாம். இவவின்ர சமையலுக்கும் ஒரு சாட்சி வேணும்."

சிலர் சிரித்தனர். அன்ரி சிரிக்கவில்லை. நான் என் கணவரின் காதோடு சொன்னேன்: "கூட ஆக்களை வச்சிருந்தா வீட்டுக்காரன் எங்களை வீட்டைவிட்டு எழுப்பிப் போடுவான்."

"தெரியும். இதை வாசிச்சுப் போட்டு, சும்மா எழும்பிப் போகச் சொல்லுறீரோ?"

சுரூபத்தை அன்ரி எங்களுக்குத் தரவில்லை. வெறுங்கையோடு வந்து, விருந்தினருக்கு முன்னே நடந்து கதவைத் திறந்தார் என் கணவர். அவரை மணந்ததற்கு நான் அவ்வளவு பெருமைப்பட்ட நாள் வேறில்லை.

மெல்பேணில் வேலை கிடைக்கும்வரை அவர்கள் எங்களோடு இருந்தனர். அதற்குள் வீடு பார்வையிட வந்த முகவர் அவர்களைக் கண்டுகொண்டார், வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

நாங்கள் இழந்தவை: மாதாவை ஏற்கும் முறை. அந்த வீடு. பேர்ள் அன்ரியின் நட்பு. பின்வளவில் காய்க்கத் தொடங்கியிருந்த முருங்கை.