பதினேழாவது கேள்வி

கையெழுத்துப் போடப் போனவள் பேனாவை நிறுத்திக்கொண்டாள்.

"பதினேழாவது கேள்விக்கு 'இல்லை'ன்னு யாரு போட்டது?"

"நான்தாம்மா," என்றார் ஆஸ்பத்திரி குமாஸ்தா. "எல்லாரும் இல்லைன்னுதான் சொல்வாங்க. துக்கத்துல இருக்கிறவங்கள எதுக்குக் கேட்டுத் தொந்தரவு பண்ணணும்னு நானே போட்டுடுவேன்."

இறந்தவருக்குப் புகைப் பழக்கம் உண்டா, எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்கும் கேள்வி அது. இறப்புப் பாரத்தில் அதைச் சேர்க்கவைக்க அவள் கணவர் ஒன்பது வருடம் நாயாக அலைந்தார். யார் எதனால் சாகிறார்கள் என்று தெரியாமல் எந்த நோயைத் தடுப்பது என்று ஒவ்வொரு அதிகாரியின் வாசலிலும் தவம் கிடந்தார். வீட்டில் சோறு ஆறிப்போகும்வரை அதே பேச்சு. தொற்றுநோய்களில் ஆரம்பித்துப் புகையில் வந்து நின்ற முப்பது வருட ஆராய்ச்சி. கண்ணில் படுபவரையெல்லாம் கேள்வி கேட்டுக் குடைவதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கேள்வித்தாள்'.

அந்தக் கேள்வித்தாள்தான் தினமும் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதா என்று பார்க்க மொட்டை மாடிக்குப் போகும். திரும்பி வந்ததும் பல் தேய்க்கும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை பல் தேய்க்கிற மனிதரை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை. பல் டாக்டர் ஒருமுறை மனம் விட்டுப் பாராட்டினார். அவள் எதிரே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நுரையீரல் புற்றுநோய். தெரிந்து ஐந்தே வாரம். இன்று விடியற்காலையில் முடிந்துவிட்டது.

"வேற பாரம் குடுங்க," என்றாள்.

கொழுந்தனார் ஓடிவந்தார். "அண்ணி, வேன் வந்து ஒரு மணி நேரமாச்சு. போட்டதப் போட்டபடி விடுங்களேன்."

"தப்பாப் போட்டிருக்கு."

"தப்பாவே இருக்கட்டும்! நாளைக்குப் பேப்பர்ல அண்ணனப் பத்தி வரும். புகைக்கு எதிரா உழைச்சவர்னு எழுதுவாங்க. அந்த மனுஷனே பிடிச்சார்னு வெளிய தெரிஞ்சா ஊரே சிரிக்காது?" சுவரோரம் நின்றிருந்த அண்ணனின் மாணவியைத் துணைக்கு இழுத்தார். "நீங்களாவது சொல்லுங்க டாக்டர். சாருக்கு அப்படி ஒரு பழக்கம் இருந்துச்சா?"

மாணவி தன் செருப்பைப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்திருந்தது.

சரி, வெளியே யாருக்கும் தெரியாது என்று நினைத்து இருபத்தாறு வருடம் நாடகம் ஆடினாராக்கும் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போய் அந்த மனிதரை எழுப்பி நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. வாழும்போதும் மறைக்கவைத்தார், செத்த பிறகும் அவளைப் பொய் சொல்லவைக்கிறார். சொன்னால் அவர் மானம் போகும். சொல்லாவிட்டால் அவர் அலைந்த ஒன்பது வருடம் போகும்.

"இல்லை இல்லைன்னே எல்லாரும் எழுதினா, எதனாலதான் செத்தாங்கன்னு ராத்திரியெல்லாம் கத்துவார்," என்றாள் கொழுந்தனாரிடம். "அந்தக் கத்தல இத்தன வருஷம் கேட்டது நான். நீங்க இல்ல. போய் வேன்காரர்கிட்ட பத்து நிமிஷம்னு சொல்லுங்க."

அவர் ஏதோ முணுமுணுத்தபடி போனார். குமாஸ்தா பெருமூச்சுடன் புதிய பாரத்தை எடுத்தார். பெயர், வயது, முகவரி என்று எல்லாம் மறுபடி முதலிலிருந்து. பதினேழில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"உண்டு," என்றாள்.

"எத்தனை வருஷம்மா?"

"இருபத்தாறு."

"ஒரு நாளைக்கு?"

"என்கிட்ட மாட்டினப்போ ரெண்டுன்னார். ஆறுன்னு போடுங்க. ஜனங்க சொல்றத மூணால பெருக்கணும்னு அவரேதான் சொல்வார்."

மாணவி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை.

குமாஸ்தா எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

"இருங்க," என்றாள். "நடுவுல ஏழு மாசம் விட்டிருந்தார். முழுசா விட்டிருந்தார். அதையும் எழுதுங்க."

"அதுக்குக் கட்டம் இல்லைம்மா."

"ஓரத்துல எழுதுங்க."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு பாரத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரத்து வெற்றிடத்தில் பொடிப்பொடியாக எழுத ஆரம்பித்தார். வெளியே வேன் ஹாரன் அடித்தது. ஒவ்வோர் எழுத்தாக அவர் எழுதி முடிக்கும்வரை அவள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.