ஜன்னலுக்கு வெளியே பாடியவர்

"இது யாரு?" செய்னி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். லிசியாத்தேயின் ஒரு கன்னத்தில் சோப்பு நுரை இன்னும் இருந்தது.

அவன் வெகுநேரம் அவளையே பார்த்தான். உதடுகள் கூடின, பிரிந்தன.

"டீ," என்றான்.

"ஆமா, பதினெட்டு வருஷமா டீயோடதான் குடித்தனம் நடத்துறே. அசையாதே, வெட்டிடும்."

அவன் இடது பக்க வாயால் சிரித்தான். மிச்சக் கன்னத்தையும் மழித்துத் துடைத்துவிட்டு, கிண்ணத்தைக் கழுவ அடுக்களைக்குப் போனாள். குழாயைத் திறக்கும்போதே சக்கர நாற்காலி சுவரில் இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. வலிப்பு முன்பும் வந்ததுண்டு. இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்த பிறகும் நிற்கவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் அவளை உட்காரச் சொன்னார். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மூன்று வருடங்களுக்கு முன்பு, சிட்னியின் மேற்கே ஒரு கட்டடத்தில் சாரத்திலிருந்து விழுந்தவன். தலையில் அடி. ஆறு மாதம் மருத்துவமனை, எட்டு மாதம் மறுவாழ்வு மையம், பிறகு வீடு. முதியோர் இல்லத்துச் சலவை வேலையை விட்டுவிட்டு செய்னி அவனுக்கு எல்லாவற்றையும் மறுபடி சொல்லிக்கொடுத்தாள். கட்டில் விளிம்பில் விழாமல் உட்கார, வலது விரல்களைக் கரண்டியைச் சுற்றி மடக்க, கம்பியைப் பிடித்து நான்கு அடி வைக்க. செவ்வாய்தோறும் பேச்சுப் பயிற்சிக்கு ஹெலன் வருவாள். புதிய சொல் வந்தால் தேதியோடு நோட்டில் குறிப்பாள். ஏறக்குறைய இரண்டு வருடத்தில் பதினொரு சொற்கள். டீ, போதும், மழை, வலி. அந்தப் பதினொன்றில் செய்னி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்ததும், அவனுடைய அக்கா கலோலைனே வருவார். அறைக்குள் வரமாட்டார். அவர்கள் பசிபிக் தீவான டோங்காவிலிருந்து வந்தவர்கள்; டோங்காக்காரர் வீட்டில், விவரம் தெரிந்த பிறகு அக்காவும் தம்பியும் ஓர் அறையில் இருப்பதில்லை; சிட்னிக்கு வந்தும் அந்த மரியாதை போகவில்லை. பின்வாசலில், ஜன்னலுக்கு வெளியே, நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒரு துதிப்பாடலைத் தொடங்குவார். இரண்டாவது வரியில் உள்ளேயிருந்து லிசியாத்தே கீழ்க்குரலில் சேர்ந்துகொள்வான். முழுப் பாட்டும். ஒரு சொல் பிசகாது.

"அக்கா வந்தா பாட்டு, பொண்டாட்டி வந்தா டீ. கெட்டிக்காரன்டி உன் புருஷன்!" என்று கோயில் வாசலில் தோழி ஃபூசி சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். செய்னியும் சிரித்தாள். அன்று இரவு அதே பாட்டைத் தானே அவனுக்குப் பாடிப் பார்த்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஹெலன் ஒரு செவ்வாய்க்கிழமை கேட்டாள். "பாட்டு மூளைல வேற பக்கமா வருது. தினமும் பாடினா, அதுலேர்ந்தே பேச்சைக் கொண்டுவர முடியும். அவங்கக்காவை தினமும் வரச் சொல்லுங்களேன், செய்னி."

"கேக்கிறேன்," என்றாள்.

கேட்கவில்லை. அடுத்த வாரம், "அவங்களுக்கு வேலை அதிகம்," என்றாள். ஐந்து மாதமாக அதையே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை அவனுடைய சவப்பெட்டி வீட்டுக்கு வந்தது. கூடத்தில் பாய்கள்மேல் பாய்களும் மரப்பட்டைத் துணிகளும் விரித்திருந்தார்கள். அவனுடைய அத்தைகள் யாரும் உயிரோடு இல்லாததால் தலைமாட்டு இடம் கலோலைனேக்கு. உயிரோடிருக்கும்போது விலகி நின்றாலும், சாவில் அது அக்காளின் உரிமை; யாரும் கேள்வி கேட்பதில்லை. செய்னி துக்கத்துக்கு அடையாளமாகக் கூந்தலை அவிழ்த்துவிட்டு, மார்புவரை எட்டும் கிழிந்த பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு, தனக்குரிய கால்மாட்டில் உட்கார்ந்தாள். மூன்று வருடம் தேய்த்துவிட்ட கால்கள் வெள்ளைத் துணிக்குள் இருந்தன. அவன் தலை அவளுக்கு எட்டவில்லை.

மறுவாழ்வு மையத்துப் பக்கமே வராத அக்காவின் கை, இப்போது அவன் நெற்றியைத் தொட்டது.

கலோலைனே குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தத் தழும்பு காதுவரைக்கும் போகுதா?"

"ஆமா, அண்ணி. எலும்பைத் திறந்து மூடின இடம்."

"எனக்குத் தெரியாது. இவன் மொகத்தை இவ்வளவு கிட்டத்துல பார்த்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு." விரலால் தழும்பின் வழியே மெல்லப் போனார். "வெளிய உக்கார்ந்திருக்கும்போது உன் சத்தம் கேக்கும். வாயைத் திற, கையை நீட்டு, அசையாதேன்னு அதட்டுவே. எனக்குப் பொறாமையா இருக்கும், செய்னி."

சுவரோரம் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த கோயில் பெண்கள் ஒரு பாட்டை முடித்து அடுத்ததற்கு மூச்சு வாங்கினார்கள்.

"தினமும் வரணும்னுதான் இருந்துச்சு," என்றார் கலோலைனே. "நீயே அல்லாடிக்கிட்டு இருக்கே, நான் வேற வந்து உக்கார்ந்தா உனக்கு இன்னும் பாரம்னு வரல. நீ ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேன்."

செய்னி வாயைத் திறந்தாள். ஹெலன் என்ற பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

"டீ போடச் சொல்லட்டுமா அண்ணி?" என்றாள்.

கலோலைனே தலையசைத்து மறுத்தார். பிறகு, யாரும் எதிர்பாராமல், தன் பாயை இழுத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தார். "இங்க வா. வந்து அவன் மொகத்தைப் பார்த்துக்கோ. நான் சொல்றப்போ யார் என்ன சொல்லப் போறா?"

ஃபூசி பின்னாலிருந்து முழங்கையால் இடித்தாள். "போடி."

செய்னி வெள்ளைத் துணியின் ஓரத்தைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையே மறுபடியும் சரிசெய்தாள்.

பகல் இரண்டு மணிக்குப் பெட்டியை மூடித் தூக்கும்வரை, கலோலைனேயின் பக்கத்தில் பாயில் அந்த ஒரு முழ இடம் காலியாகவே இருந்தது.