ஊரெல்லாம் தவசிப்பிள்ளை

1

அங்கே இருந்தவர்கள்: சங்கரநயினார் பிள்ளை, முந்தின நாள் கல்யாணமான அவர் மகள் வடிவாம்பாள், சம்பந்தி குற்றாலநாத பிள்ளை, அவருடைய சிவகிரிச் சனம், சமையலுக்கு வந்த தவசிப்பிள்ளை நெல்லைநாயகம், ஒரு சப்ளை இன்ஸ்பெக்டர். நானும் இருந்தேன், சங்கரநயினாரின் தம்பி. ஊரில் உலவும் ஒரு பேச்சுதான் என்னை எழுத வைத்தது. அது கடைசியில் வரும்.

2

சங்கரன்கோவிலில் அன்று காலை வெயில் பொன்னாக உருகி—

(அடித்துவிட்டேன். கோபத்தில் இருப்பவனுக்கு வெயில் எதற்கு?)

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம். ரேஷன் காலம். விசேஷ வீட்டில் சர்க்கார் குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களுக்குச் சோறு போடக்கூடாது. சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் அந்த எண்ணிக்கையில் சேர மாட்டார்கள்.* அன்று மறுவீட்டு விருந்து. சம்பந்தி வீட்டாருக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிய சொதிச் சாப்பாடு போடாத பெண் வீடு எங்கள் பக்கத்தில் தலைநிமிர முடியாது.

* இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஊரே தவசிப்பிள்ளை ஆகியிருந்தது.

3

பாதிச் சாப்பாட்டில் வாசலில் இன்ஸ்பெக்டரின் சைக்கிள் மணி. சிவகிரிக்காரர்களுக்குப் பழக்கம். துண்டை இடுப்பில் கட்டி, ஆளுக்கொரு வாளியோடு எழுந்து நின்றார்கள். குற்றாலநாத பிள்ளை எச்சில் கையோடு கரண்டியைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, தலைகீழாப் பிடிச்சிருக்கிய," என்றார் நெல்லைநாயகம். "இத்தன தவசிப்பிள்ளை இருக்கையில எனக்கு இங்கன என்ன சோலி?" சொல்லிவிட்டுக் காலியான இலை ஒன்றில் உட்கார்ந்துவிட்டார்.

"பிள்ளைவாள், இவுகள்லாம் யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர். சங்கரநயினார் வாளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "சமையக்காரங்கன்னு ஒரு வார்த்தை சொல்லும். எழுதிட்டு நானும் இலையில உக்காருதேன்."

4

பொய்யைப் பிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன் பொய்யைச் சொல்லிக்கொடுக்கிறான்! அந்தச் சட்டம் அரிசியை மிச்சம் பிடித்ததோ என்னவோ, எங்கள் வாயைக் கெடுத்தது. வேலை செய்யாதவன் வேலைக்காரன் என்று எழுதிக்கொள்ளவும், வேலைக்கு வந்தவன் பந்தியில் உட்காரவும் அதற்குள் பழகிவிட்டோமே!

5

ஒரு முடிவு: அண்ணன் "ஆமா" என்றார், எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். எழுதிப் பார்த்தேன். அண்ணன் அந்த வரிக்குள் வர மறுக்கிறார்.

அவர் சொன்னது: "எல்லாரும் என் விருந்தாளிக. எழுதிக்கிடும்."

கரண்டி தரையில் விழுந்தது. "வாளியும் கையுமா நிக்கையில காட்டிக்குடுத்து அவமானப்படுத்தவா வே எங்களக் கூப்பிட்டீரு?" என்றார் குற்றாலநாத பிள்ளை. சிவகிரிச் சனம் மொத்தமும் அவர் பின்னால் வெளியேறியது. வடிவாம்பாளும் போனாள். தகப்பனைத் திரும்பிப் பார்க்கவில்லை. எந்த வரியில் அவளைத் திரும்ப வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் வையுங்கள்.

சோறு பற்றாமல் பந்தி கலைந்தது என்று குருவிகுளம் வரை பேசுகிறார்கள். பொய். சோறு இருந்தது.